எஃப்சிக்கு அடித்த கறுப்பு

"மிதி."

மெக்கானிக் தன் பட்டறைக் குழிக்குள் நின்று, தலைக்கு மேல் நின்ற பள்ளிக்கூட வேனைப் பார்த்துச் சொன்னான்.

வேனுக்குள் இருந்த டிரைவர் சின்ராசு பிரேக்கை மிதித்தான்.

ஒன்றும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு பெயின்ட். சேசிஸ், அச்சு, பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய், அங்கிருந்து சக்கரத்துக்கு இறங்கும் ரப்பர் ஹோஸ். சின்ராசு ஒரு போல்ட்டின் தலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

நாளைக்கு எஃப்சி. வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்காக இரண்டு நாள் லீவு போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி வேனை ஜோடித்திருந்தான். டயருக்குக்கூட பாலிஷ்.

"பெடல் கொஞ்சம் எறங்குதுங்கண்ணா. ஆயில் ஊத்துனா சரியாயிருமுங்க."

மூன்று மாதமாக, வழியில் பார்க்கும்போதெல்லாம் இதே பாட்டு. ஊற்றுகிற ஆயில் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்திருப்பானா?

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குழிக்குள் கையை ஓங்க இடமில்லை.

இருபத்திரண்டு பிள்ளைகள். பதினோரு கொண்டை ஊசி வளைவு. தினமும் காலையில் மலையிலிருந்து இறங்குகிறவர்கள், ஒரு முழம்கூட இல்லாத இந்த ரப்பரை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

ரப்பருக்கு யாராவது பெயின்ட் அடிப்பார்களா? வெடிப்பு தெரியாது. கசிவு தெரியாது. எந்த மடையன் இவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தான்?

கத்தியால் ஹோஸைச் சுரண்டினான்.

கறுப்பு செதில் செதிலாக உதிர்ந்தது.

அடியில் சிவப்பு டேப்.

நெருக்கமாக இழுத்துச் சுற்றி, நுனியை உள்ளே செருகிய டேப். இந்த ஊரில் அப்படி நுனியைச் செருகுகிறவன் ஒருவன்தான்.

கத்தி அப்படியே நின்றது.

போன வருடமும் எஃப்சிக்கு முந்தின நாள்தான். புது ஹோஸ் கைவசம் இல்லை. வெடிப்பின் மேல் அவனேதான் டேப்பைச் சுற்றினான். பிரஷ்ஷை சின்ராசுவின் கையில் கொடுத்தான். இதுக்கும் சேத்து அடிச்சுடு, எஃப்சி முடியட்டும், மாத்திக்கலாம் என்றான்.

ஒரு வாரத்தில் ஹோஸ் வந்தது. சுவரில் ஆணியில் மாட்டினான்.

வேன் வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

"இன்னொரு தடவை மிதி."

டேப்புக்குப் பக்கத்தில் ரப்பர் எலுமிச்சங்காய் அளவுக்கு உப்பியது. கால் எடுத்ததும் அடங்கியது.

"ஹோஸை மாத்தணும் சின்ராசு."



"எஃப்சி முடியட்டுங்கண்ணா. மாத்திக்கலாம்."

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. சின்ராசுவின் மேல் அல்ல.

கத்தியை டேப்பின் மேல் வைத்து அழுத்தி ஹோஸை அறுத்தான். பிரேக் ஆயில் முழங்கை வரை வழிந்தது.

"இப்ப மிதி."

பெடல் தரையில் போய் முட்டியது.

"அண்ணா, பிரேக்கே இல்லீங்க."

அவன் குழியை விட்டு ஏறி வந்து, ஆணியில் தொங்கிய புது ஹோஸ் உறையின் தூசியைத் தட்டினான்.