விளங்காத கேள்விக்கு ஒரு பதில்

உணவகத்தில் நாள் முழுக்கச் சட்டி கழுவிவிட்டு வந்த யோகராணிக்குத் தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. பாரிஸ் லா சப்பல் வீட்டில் மகன் கிருஷிகன், கூட வேலை செய்யும் பாண்டிச்சேரி யோஹானோடு ஸ்பீக்கர் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

“நம்ம புரோகிராம்ல ஒரு மென்பொருளை நீக்கும்போது, அதோட சேர்ந்து வந்த மத்ததையும் அழிக்கட்டுமான்னு கேக்கறோம். படிக்காம என்டரைத் தட்டினா ‘ஆமா’ன்னு வெச்சுக்கலாம்பா. இடமாவது மிச்சமாகும்” என்றான் யோஹான்.

“இல்லை. விளங்காமல் தட்டினால் ‘வேண்டாம்’ எண்டுதான் எடுக்கவேணும். அழிஞ்சது திரும்பி வராது.”

“இதுக்குப் போய் ஏன்டா அழற மாதிரி பேசற?”

“நாளைக்குக் கதைப்பம்” என்று போனை வைத்தான்.

“என்ன தம்பி சண்டை?”

சொன்னான். யோகராணி சிரித்தாள்.

“விளங்காட்டி ‘உய்’, ஓம் எண்டு சொல்லுறதுதானே. பிரெஞ்சுக்காரர் என்ன கேட்டாலும் நான் அப்பிடித்தான். ஒருத்தரும் கோவிக்கிறேல்லை.”

தோளைத் தடவியபடி சுவரில் இருந்த கணவரின் படத்தைப் பார்த்தாள்.

“அப்பா செத்த இரவு மட்டும் ஆஸ்பத்திரிக்காரர் ஏன் என்னைக் கூப்பிடேல்லை? விடியத்தானே சொன்னவை. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சிருப்பன். நீ கேட்டுச் சொல்லுறன் எண்டனியெல்லே?”

கிருஷிகன் அப்போதே ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தான். அப்பா இறந்த அன்று மாலை தாதி அம்மாவிடம் பிரெஞ்சில், “இரவில் ஏதும் நடந்தால் உங்களை எழுப்பாமல் காலையில் சொல்லட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா ‘உய்’ என்றிருக்கிறாள்.

“இன்னும் கேட்கேல்லை அம்மா” என்றான்.

அந்தப் பதிலை அவன் இன்னும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறான்.