மொட்டைப் பெட்டிசம்

"கீழ பேரும் இல்ல, கையெழுத்தும் இல்ல. ஆனா விஷயம் மட்டும் நிறைய ஈக்கிது. வாசிக்கட்டா?" என்றார் ஹயாத்து முகம்மது ஹாஜியார், தபாலில் வந்த பெட்டிசக் கடிதத்தை நீட்டிப் பிடித்து.

நௌஃபர் ஏணியிலிருந்து இறங்கினான். கற்பிட்டிச் சந்தையில் ஹாஜியார் கட்டும் மீன் குளிர் அறைக்கு அன்றைக்குத்தான் வயரிங் தொடங்கியிருந்தான்.

"வாசிங்க ஹாஜியார்."

"நௌஃபரிட்ட லைசன் இல்ல. மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணாம வேலை செய்வார். செருப்புப் போட மாட்டார். வயரப் பல்லாலதான் உரிப்பார். ஆள் கரண்ட் அடிச்சு மௌத்தானா, சந்தைச் சங்கத் தலைவர் நீங்கதான் பொறுப்பு."

கடைசி வரி ஹாஜியாரை நன்றாகவே உலுக்கியிருந்தது.

"அப்பட்டமான பொய்! பதினாறு வருஷமா இந்தச் சந்தைக்கு வெளிச்சம் குடுக்கிறவன் நான்!" என்று கத்தினான் நௌஃபர், வாயிலிருந்த வயர்த் தோலைத் துப்பிவிட்டு.

ஹாஜியார் அந்தத் தோலைப் பார்த்தார். பிறகு நௌஃபரைப் பார்த்தார்.

"லைசன் எடுத்திட்டு வா. அடுத்ததாக் கட்டப்போற மேல்மாடி வேலை ஒனக்குத்தான். அதுவரைக்கும் இராமநாதன் செய்யட்டும்."

பெட்டிசம் போட்டது யாரென்று நௌஃபர் மண்டையை உடைக்க வேண்டியிருக்கவில்லை. சந்தையில் லைசன் வைத்திருந்த ஒரே ஆள், உடப்பிலிருந்து வந்து பல்ப் கடை போட்டிருந்த இராமநாதன். வேலையும் அவருக்கே போய்விட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்குள் நுழையும்போதே குரல் எழும்பியது.

"என்ட வயித்தில அடிச்சிட்டான் புள்ள, அந்த இராமநாதன்!"

மனைவி றிஷ்னா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்ப லைசன எடுத்து அவர்ட மூஞ்சிக்கு முன்னால காட்டுங்க."

"எனக்குச் சோதினை வைக்க எவனால ஏலும்? நான்தான் அவனுகளுக்குச் சோதினை வைக்கோணும்!"

"அப்ப பயப்புடுறீங்க."

அவ்வளவுதான். மறுநாளே விண்ணப்பம் போட்டான்.

நாலு மாதம் றிஷ்னாவின் தையல் மெசினில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. நௌஃபர் பகலில் வகுப்புக்குப் போனான். வரும் வழியில் மோட்டார் சைக்கிளை இராமநாதனின் கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்தான். "தம்பி, சுகமா?" என்று இராமநாதன் கேட்டால், "சுகத்தைக் கெடுத்தவங்களே சுகம் கேக்கிறாங்க" என்று கூரையைப் பார்த்துச் சொன்னான்.

முதல் சோதினை புத்தளத்தில். எழுத்தில் ஒருவாறு தேறிவிட்டான். செய்முறைக்கு வயரைக் கையில் கொடுத்தார்கள். கை தன்பாட்டில் வாய்க்குப் போய்விட்டது.

"மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டார் சோதிக்க வந்த சேர், "அது வயர். கரும்பு இல்ல."

ஃபெயில்.

இரண்டாம் தடவை வாயை இறுக மூடிக்கொண்டு போனான். பேர் கேட்டபோதும் திறக்கவில்லை. எழுதிக் காட்டினான். மெயினை ஓஃப் பண்ணினான், டெஸ்டரால் தொட்டுப் பார்த்தான், சப்பாத்துக் காலோடு ஏறினான். பாஸ்.

லைசன் கைக்கு வந்த அன்று முதலில் போனது இராமநாதனின் கடைக்கு. மேசையில் ஓங்கி வைத்தான்.

"பாருங்க! இனி யாருக்குப் பெட்டிசம் போடப் போறீங்க?"

இராமநாதன் கண்ணாடியை மாட்டி, முன்னும் பின்னும் வாசித்து, எழும்பிக் கை கொடுத்தார்.

"சந்தோசம் தம்பி. ஆனா பெட்டிசம் நான் போடேல்ல. அம்மன் சத்தியம்."

"சும்மா கதைய வுடாதீங்க!"

"நான் ஏன் மொட்டையாப் போட? என்னட்டத்தான் லைசன் இருக்கே. போடுறதெண்டா பேர், விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் போட்டெல்லோ எழுதுவன். ரெண்டு வேலை கூட வரும்."

கதையில் ஞாயம் இருந்தது.

"இன்னொண்டும் சொல்லோணும்," என்றார் இராமநாதன். "பெருநாளைக்கு உங்கட வீட்டால வந்த வட்டிலப்பம் நல்லாயிருந்துது. நீங்கதான் கோவம் ஆறி அனுப்பினதாக்கும் எண்டு நினைச்சன். அடுத்த நாளும் மோட்டார் சைக்கிள் வாசலிலதான் நிண்டுது."

"வட்டிலப்பமா? எங்கட வீட்டாலயா?"

நௌஃபர் வீட்டுக்குப் பறந்தான். றிஷ்னா மெசினில் இருந்தாள். லைசனை வாங்கிப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அத அங்கால வை. இராமநாதனுக்கு வட்டிலப்பம் அனுப்பினியா?"

"ஓ, அனுப்பின."

"என்னோட பகையான ஆளுக்கு?"

"பாவம், செய்யாத குத்தத்துக்கு நாலு மாசமா ஏச்சு வாங்கின மனிசன்."

"அவர் செய்யல்லயெண்டு ஒனக்கு எப்பிடித் தெரியும்? அப்ப போட்டது எவன்?"

றிஷ்னா மெசினை நிறுத்தினாள்.

"வேலை போனா வேற வேலை தேடலாம். கரண்ட் அடிச்சு நீங்க போனா, நான் எங்க போய்த் தேடுற? அதான் பேர் போடாம நானே எழுதின."