நடக்கச் சொன்னவள்

"அந்த வெள்ளைக்காரிக்கு உன் புருஷன் காலைச் சரிப்படுத்துற எண்ணமே இல்ல பூங்காவனம். நோயாளி இருந்தாத்தானே ஜப்பான்காரன் மருந்தகத்துக்கு அரிசி கொடுப்பான்?"

பக்கத்து வீட்டு சபியா சொன்னது பூங்காவனத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

காஜா பேராங் ஊரில் மாட்டு வண்டி ஓட்டிய நல்லையாவின் காலில் சக்கரம் ஏறி எட்டு மாதமாகிறது. எலும்பு கூடியே மூன்று மாதமாகிவிட்டது. மருந்தகத்து இத்தாலிக்கார சிஸ்டர் லுசியா மட்டும் வாராவாரம் காலை அமுக்கிப் பார்த்து, "இன்னும் சரியாகலை. உட்காரு" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி அனுப்பிவிடுவாள்.

பூங்காவனம் ஒருத்தியே பக்கத்து ஊரான புக்கிட் காதில்வரை நடந்து, மரவள்ளி நட்டு, அதையே மூன்று வேளையும் அவித்துப் போடுகிறாள். பாவம், அவளும் எத்தனை நாள் பொறுப்பாள்?

நோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லும்போது சிஸ்டருக்குத் தாய்மொழிதான் வரும். மருந்தக வாசலில் உட்கார்ந்தபடியே பூங்காவனம் அத்தனையும் மனப்பாடம் செய்துவிட்டாள். பியேகா என்றால் மடக்கு. ஸ்தெந்தி என்றால் நீட்டு. அங்கோரா, இன்னொரு தடவை. அவந்தி என்றால் முன்னே நட. அதைப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும்தான் சிஸ்டர் சொல்வாள். நல்லையாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"பியேகா!" வீட்டில் நல்லையாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவளே பயிற்சியை ஆரம்பித்தாள்.

"வலிக்குதுடி. தமிழ்லயே சொல்லித் தொலையேன்."

"தமிழ்ல சொன்னா நீங்க எப்பக் கேட்டிருக்கீங்க? அங்கோரா!"

மூன்றே வாரம். நல்லையா ஊன்றி நடந்த கம்பை மூலையில் போட்டுவிட்டார். பூங்காவனத்துக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை அவரை மருந்தகத்துக்கு நடத்தியே கூட்டிப் போனாள். பெஞ்சில் கால்கட்டோடு மூன்று ஆண்கள். மேசையருகே ஒரு ஜப்பானிய அதிகாரியும் மொழிபெயர்க்கும் கருணாகரனும் நின்றிருந்தார்கள்.

நல்லதாகப் போயிற்று, இந்த சிஸ்டரின் குட்டு இவர்கள் முன்னாலேயே உடையட்டும் என்று நினைத்தாள்.

நல்லையாவைக் கண்டதும் சிஸ்டரின் முகம் வெளுத்தது.

"உட்காரு! கால் சரியாகலை!"

"எதுக்கு உட்காரணும்? எல்லாம் சரியாப் போச்சு. என்னங்க, அவந்தி!"

நல்லையா வாசலுக்கும் மேசைக்குமாக விறுவிறுவென்று இரண்டு முறை நடந்து காட்டினார். அதிகாரி கை தட்டினான்.

"பாகுஸ்!"

"நல்ல ஆளுன்னு அதிகாரி துவான் சொல்றாரு," என்றான் கருணாகரன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்பவே லாரியில ஏறணுமாம்."

"வேலை கொடுக்கிறாரா? எங்கங்க?"

"சயாமுக்கு. ரயில் ரோடு போட."

சயாமுக்குப் போன ஒருவராவது திரும்பி வந்ததாகப் பூங்காவனம் கேட்டதில்லை.

"ஐயோ, அவருக்கு நடக்க வராதுங்க! நொண்டிங்க!"

யார் கேட்பது? நல்லையாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பூங்காவனம் தரையில் விழுந்து அலறினாள்.

பெஞ்சிலிருந்த மூவரும் பதறி எழுந்தார்கள். சிஸ்டர் ஓடிவந்து, வழியும் கண்ணீரைத் துடைக்காமல், ஒவ்வொருவர் தோளையும் அமுக்கி உட்கார வைத்தாள்.

"உட்காருங்க. உங்க யாருக்கும் கால் சரியாகலை. மூணு மாசமா அவனுக்கும் இதைத்தான் சொன்னேன்."