பூனை செத்த வீடு

ஒன்பதாம் வகுப்பு இலக்கியா திங்கட்கிழமை இரண்டு புருவத்தையும் சுத்தமாக மழித்துக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சமூக அறிவியல் டீச்சர் அறிவுச்செல்விக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுப்பி வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

இந்த வயசுப் பிள்ளைகளை டீச்சருக்குத் தெரியாதா? செல்போனில் எவளோ ஒருத்தி செய்வாள், அதைப் பார்த்து இவளுகளும் செய்வாளுக. அதட்டிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். இலக்கியா பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றாள்.

சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னால்தான் சரிப்படும் என்று டீச்சர் செல்போனை எடுத்தாள். இவளுடைய அப்பா கந்தவேலின் நம்பர் அதில் ஏற்கெனவே இருந்தது. மூன்று வருசத்துக்கு முன்னால், பெரியவள் பிரபா பன்னிரண்டாவது படிக்கும்போது, திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு நின்று பேசியதைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே போன் போட்டது இதே டீச்சர்தான்.

சொல்லாதீங்க டீச்சர், படிப்பை நிறுத்திப்போடுவாங்க என்று பிரபா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். டீச்சர் கேட்பாளா? பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா? படிப்பு நின்றது. மாப்பிள்ளை பார்த்தார்கள். பிரபா அந்தப் பையனோடு ஓடிப்போனாள், குடும்பமே அவளைத் தலை முழுகியது. பார்த்தீங்களா, நான் சொன்னது சரியாப் போச்சு என்று ஸ்டாஃப் ரூமில் டீச்சர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ரிங் போய் ஓய்ந்தது. கந்தவேல் எடுக்கவில்லை.

அப்போதுதான் இலக்கியா வாயைத் திறந்தாள்.

"நீங்கதானுங்க டீச்சர் எகிப்துப் பாடத்துல சொன்னீங்க. ஊட்ல வளர்த்த பூனை செத்தா அந்தக் காலத்துல அங்க எல்லாரும் புருவத்த மழிச்சுக்குவாங்க, அது மொளைக்கற வரைக்கும் துக்கம்னு."

டீச்சருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அடிப்பாவி. உங்க ஊட்டுப் பூனை செத்துப்போச்சா?"

"எங்க ஊட்ல பூனை இல்லீங்க."

தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்காங்க. வியாழக்கிழமை பிரசவத்துல செத்துப்போச்சுங்க."

மீதியையும் அவளே சொன்னாள்.

சேதி வந்ததும், அவளுக்கு அப்பவே தலை முழுகியாச்சு, ஒருத்திக்கு ரெண்டு எழவா, எவளாவது அழுதா அவளோடயே போயிருங்க என்று அப்பா சொல்லிவிட்டாராம். கடைசியாக முகம் பார்க்கக்கூட யாரும் போகவில்லையாம். அம்மா நாலு நாளாகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளாம். இவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பாவின் பிளேடை எடுத்து வந்து பள்ளிக்கூடத்து பாத்ரூமில் மழித்துக்கொண்டாளாம்.

"பேஷன்னு நெனச்சு அப்பா அடிப்பாருங்க. அடிக்கட்டும். எதுக்குன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க, டீச்சர்."

போன் அடித்தது. கந்தவேல்தான்.

"கூப்புட்டிருந்தீங்களா டீச்சர்? சின்னவ என்ன பண்ணிப்போட்டா?"

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க. கை தவறிப் பட்டுருச்சுங்க."

இந்தத் தடவையாவது ஒரு நல்லது செய்தோம் என்ற நிம்மதியில், போனை வைத்துவிட்டு இலக்கியாவின் தலையைத் தடவப் போனாள். அவள் ஓர் அடி விலகி நின்றுகொண்டாள்.

"அக்காளுக்கும் இப்படியே சொல்லியிருக்கலாமுங்க, டீச்சர்."