திரைக்கு வெளியே

ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் கம்ப்யூட்டரில் அவன் மறுபடியும் சின்னத்தை இரண்டு முறை தட்டினான்.

மவுஸ் வட்டம் சுற்றியது. நின்றது. கீழே ரத்த வங்கி புரோகிராமின் சின்னம் சிவப்பாக மின்னியது. புரோகிராம் திறந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. கடற்கரைப் படம்தான் இருந்தது.

மத்தியானம் மணி இரண்டே கால்.

ஆபரேஷன் தியேட்டரில் செல்லக்கனி என்ற பெண் படுத்திருக்கிறாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ். ஃபிரிட்ஜில் இருந்த ஒரே பையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பை ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுக்கும் ரத்தத்தைச் சோதிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஆக, அரை மணிக்குள் ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும்.

ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயரும் போன் நம்பரும் அந்த புரோகிராமுக்குள் இருந்தன. நோட்டில் எழுதி வைப்பதை நிறுத்தி வருடம் இரண்டாகிறது. நிறுத்தச் சொன்னதே அவன்தான்.

எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டான். சின்னத்தை ஆத்திரத்தோடு பத்துத் தட்டு தட்டினான். புரோகிராம் செய்து கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டான். அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள் என்றார்கள். அழித்தால் பட்டியல் மிஞ்சுமா என்றதற்கு, கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

வாசலில் செல்லக்கனியின் கணவர் நின்றார். மனைவியின் கண்ணாடி வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவரைத் தாண்டிக்கொண்டு பியூலா உள்ளே வந்தாள்.

எதிர் அறையில் இருக்கும் டெலிபோன் ஆபரேட்டர். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. நம்பரைக் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று மூன்று தடவை போனில் கேட்டுவிட்டு, பொறுமை போய் நேரிலேயே வந்துவிட்டாள். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட அவன் அவசரமாக எழுந்தான். அவன் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காலையிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரில் எதையாவது கழற்றினீர்களா என்று கேட்டாள்.

பக்கத்தில் இன்னொரு திரை இருந்தது, பயிற்சி வகுப்புக்கு மாடிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள் என்றான். எரிச்சலாகத்தான் சொன்னான். கண் தெரிந்தவனே முட்டி மோதும் இடத்தில் இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று நினைத்தான். நினைத்தது உண்மை. மறைப்பதற்கில்லை.

அவள் விரல்கள் கீபோர்டைத் தடவி, இரண்டு இடங்களில் நின்றன. எஃப் எழுத்தின் மேலும் ஜே எழுத்தின் மேலும் மெல்லிய மேடு ஒன்று இருந்தது. எட்டு வருடமாக அந்தக் கீபோர்டைத் தட்டுகிறான். மேட்டை இன்றுதான் பார்க்கிறான்.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் பேசத் தொடங்கியது.

உள்ளே திறந்திருப்பதையெல்லாம் இங்கிலீஷில் வாசித்துக் காட்டியது. அவள் இன்னும் எதையோ அழுத்த, வேகம் கூடியது. பிறகு இன்னும் கூடியது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் இருந்தது அவனுக்கு. அவள் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டாள்.

"தொறந்துதான் சார் இருக்கு."

திரையைப் பார்த்தான். கடற்கரைதான்.

எடுத்துப் போன திரை இன்னும் இருப்பதாக நினைத்து புரோகிராம் அங்கே போய் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே விரலை ஓட்டினாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் பட்டியலை விரித்தாள். அதில் பி நெகட்டிவை மட்டும் பிரித்தாள். குரல் நம் ஊர்ப் பெயர்களையெல்லாம் கடித்துத் துப்பியது. மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுத்திருந்த இருவரை, தேதி காதில் விழுந்ததுமே தாண்டிப் போனாள். இடது கை விசையில், வலது கை போனில், ரிசீவர் தோளில்.

முதல் ஆள் துபாய் போயிருந்தார். அடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

மூன்றாவது ஆள் இசக்கியப்பன். பக்கத்துத் தெருவில் டயர் கடை வைத்திருப்பவர். சாப்பிட்டாயிற்றா, காய்ச்சல் உண்டா, மாத்திரை ஏதும் போடுகிறீர்களா என்று பியூலா பதறாமல் கேட்டாள். பெண் கொடுத்தவர்கள்கூட அவரை இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை மீறிக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. என்ன அழகாக வேலை செய்கிறாள், பாருங்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசலில் நின்றவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது நிமிடத்தில் இசக்கியப்பன் வந்தார். கையெல்லாம் கிரீஸ். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையைக் கழுவச் சொல்லிப் படுக்கைக்கு அனுப்பினான். அவருடைய விவரத்தை புரோகிராமில் பதிந்தால்தான் பையில் ஒட்டும் சீட்டு வரும். பதிய வேண்டியது அவன்.

பியூலா எழுந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஆல்ட்டும் ஸ்பேஸும். எம். பிறகு இடப்பக்க அம்பு விசையை அழுத்திப் பிடித்தாள்.

வலது ஓரத்திலிருந்து புரோகிராம் மெல்ல நகர்ந்து திரைக்குள் வந்தது. பெயர்கள், நம்பர்கள், எல்லாம் இருந்தன.

வந்துவிட்டதா என்று கேட்டாள். தலையாட்டினான். அவள் காத்திருந்தாள். அப்புறம்தான் உறைத்து, வந்துவிட்டது என்று வாயால் சொன்னான்.

"நீங்க பாவம் சார்," என்றாள் பியூலா. "கண்ணால பாத்துல்லா வேலை செய்யணும்."