தந்திக்கம்பம் நடுங்குகிறது

ஓட்டுநர் நடுங்க ஆரம்பித்ததும் எழுந்த கைதட்டல், பள்ளி மைதானத்தைத் தாண்டித் தெருமுனை வரை கேட்டது.

மேடை நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் போர்வைக்குள் அவர். பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தத்தை மைக் கடைசி வரிசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

திரைக்குப் பின்னால் நின்ற சுகாதாரக் கல்வி அதிகாரி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மலேரியா விழிப்புணர்வு நாடகத்தை எழுதி இயக்கியவர் அவர்தான்.

நோயாளி வேடம் உண்மையில் ஒரு கிளார்க்குக்கு உரியது. அவர் மாற்றலாகிப் போனதால், துறை வேனை ஓட்டுபவரைப் பிடித்துக் கட்டிலில் போட்டார்கள். ஒத்திகையில் அவர் நடுங்கிய அழகைப் பார்த்து ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ‘தந்திக்கம்பம்’ என்று பெயரும் வைத்தது.

“காத்தடிச்சா தந்திக்கம்பம்கூடக் கொஞ்சம் ஆடுமேப்பா!” என்று அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

பாவம், நடிப்பு ஓட்டுநருக்குத் தெரிந்த தொழில் இல்லை. கொசுவலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். தூக்கமும் வேனுக்குள்தான். வலைகள் மக்களுடையவை என்பதால் ஒன்றைப் பிரித்துக் கட்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மூட்டைகளை மெத்தையாகப் பரப்பி, அத்தனை வலைகளுக்கும் மேலே, கொசுக்களுக்குத் தோதாகப் படுத்துக்கொள்வார்.

மேடையில், நோயாளியின் மனைவியாக நடித்த டைப்பிஸ்ட் தன் வசனத்தைச் சொன்னாள். மழையில் நனைந்ததால் வந்த சளிக்காய்ச்சல்தான், வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும் என்று.

அது அறியாமையைக் காட்டும் வசனம். அடுத்து நர்ஸ் வந்து அவளைக் கண்டிக்க வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் நர்ஸுக்கு முன்னால் வேறொருத்தி மேடையேறினாள்.

ஓட்டுநரின் நிஜ மனைவி. புருஷன் நடிக்கிறார் என்று அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் பெருமையாகக் கூட்டிவந்து உட்கார்ந்திருந்தவள். சுற்றுப்பயணத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே இங்கே வந்துவிட்ட மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டு வந்து, நெற்றியில் கை வைத்தாள். சுட்டதுபோல் வெடுக்கென்று எடுத்தாள்.

“ரெண்டாவது சம்சாரம் வந்துட்டாடா!” என்று யாரோ கத்த, விசில் பறந்தது.

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். “இவருக்கு நடிக்க வராதுங்க! பொய்யா ஒரு தும்மல்கூடப் போடத் தெரியாது. நெசமாவே காய்ச்சல் கொதிக்குது, ரத்தத்தைப் பாருங்க!”

மைக் அதையும் எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் பெரிய டாக்டர். பக்கத்தில் குனிந்து, இந்தப் பெண்ணை எங்கே பிடித்தீர்கள், பிரமாதம் என்றார்.

இன்னும் ஒரே ஒரு காட்சிதான், அதுவரை பொறுத்துக்கொள்ளம்மா என்று அதிகாரி திரை மறைவிலிருந்து கைகூப்பிக் கெஞ்சினார்.

நர்ஸ் வேடத்தில் இருந்தவள் நிஜத்திலும் நர்ஸ். அவள் ஓட்டுநரின் கையைத் தொட்டதும் வசனத்தை மறந்தாள். நாடகத்துக்காக எடுத்துவந்த ஊசியால் அவர் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை வாங்கினாள்.

“அட, அசல் ரத்தம் மாதிரியே இருக்கே!” என்றது ஒரு குரல்.

அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கும் கைதட்டல்.

வேன் கிளம்பிய இரைச்சல் அடங்கியதும் பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார். காய்ச்சலை அலட்சியம் செய்யும் பழக்கம் மக்களிடம் இன்னும் போகவில்லை என்று வருத்தப்பட்டார்.

மலேரியாதான்.

ஆஸ்பத்திரியில் ஓட்டுநருக்கு நினைவு தப்பியது. மனைவியை யாரோ என்று பார்த்தார். அவள் கட்டில் விளிம்பை விட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று வார்டு டாக்டர் சொன்னபோது மட்டும், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

மருந்து மெல்ல வேலை செய்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

அன்று அதிகாரி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். நாடகத்துக்குத் துறையில் நல்ல பேர், இன்னும் பத்து இடத்தில் போடச் சொல்கிறார்கள் என்று பேச்சை ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடக்கி வைத்திருந்த கோபம் அவளுக்கு அப்போதுதான் புருஷன் மேல் பொங்கியது. “அந்த நடுக்கத்தோடவா போய் மேடையில படுப்பீங்க? யார்கிட்டயாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”

“அதானே!” என்றார் அதிகாரி. “எங்ககிட்ட சொல்லியிருந்தா அப்பவே டெஸ்ட் எடுத்திருப்போமே. நாங்க எதுக்கு இருக்கோம்?”

ஓட்டுநர் தயங்கினார். பழத்தை உரிப்பதை நிறுத்தினார்.

“சொன்னேனே மேடம். காலையில வண்டியை விட்டு இறங்கினதும் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். ‘உடம்பெல்லாம் நடுங்குது மேடம்’னேன்.”

அதிகாரி காலிப் பழப்பையை மடிக்க ஆரம்பித்தார்.

“நீங்க என் கையைப் பிடிச்சுக் குலுக்கினீங்க. ‘இதைத்தான்யா நானும் கேட்டேன்! சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருங்க’ன்னீங்க.”