அச்சில் வளர்ந்த மொட்டு

வாத்தியாரின் பல்செட்டுக்காக எடுத்த பிளாஸ்டர் அச்சில், ஈறின்மேல் மிளகளவு ஒரு மொட்டு இருந்தது. காற்றுக்குமிழி செய்த வேலை என்று பல் கட்டுபவர் அதைச் சுரண்டி, வழக்கம்போல் தூளை வாயால் ஊதினார். மறுநாள் அதே இடத்தில் மறுபடி மொட்டு. அவரும் விடாக்கண்டனாகத் தினம் சுரண்டினார், தினம் ஊதினார்.

வாத்தியாரின் மகன் வந்தான். "செட் வேண்டாங்க, அப்பா தவறிட்டாரு. ஈறுல புற்றுநோய். ரொம்ப அபூர்வமாம், ஏதோ வைரஸால வருதாம்."

அவன் போனதும் பார்த்தார். மொட்டு பட்டாணி அளவுக்கு வளர்ந்திருந்தது. அச்சை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி சிரித்தாள். "கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? உதட்டுல பாருங்க, மிளகளவு வெள்ளையா மாவு!"

ஈரத்துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"இன்னும் போகலைங்க," என்று அவள் மறுபடி சிரித்தாள்.